புல்தரையில் அரை மணி நேரம்

இட்லியா? சாப்பிடுங்க, சாப்பிடுங்க. முந்தாநாள் வரைக்கும் ஒரு வாய்க் கஞ்சி இறங்கலைன்னு அனத்திக்கிட்டுக் கிடந்த ஆளு, இப்ப நாலு இட்லி, மேல ஒரு வடை. எனக்கு அந்த சாம்பார் வாடையே குமட்டுது. இல்லங்க, மறைச்சு வைக்க வேண்டாம். நீங்க சாப்பிடுங்க.

உங்க பேரு என்ன சொன்னீங்க? வெயிலுமுத்து. ஆடு வச்சிருக்கீங்க. எழுபதா? சரி. நான் யாருன்னு உங்ககிட்ட யாரும் சொல்லலையா? கதவுல பேரை எழுதிப் போடுங்கன்னு வந்த அன்னைக்கே சொன்னேன். போடல. பேராசிரியர் டாக்டர் திருவம்பலம், எம்.டி. யுனிவர்சிட்டியில விலங்குவழி, பூச்சிவழி நோய்கள் ஆய்வு மையம்னு இருக்கு பாருங்க, பைபாஸ்ல போனா பெரிய வெள்ளைக் கட்டடம், அதுக்கு டைரக்டர். சிரிக்காதீங்க, சினிமா டைரக்டர் இல்ல. எலி, ஆடு, மாடு, நாய், கொசு, உண்ணி, இதுங்ககிட்டயிருந்து மனுஷனுக்கு எத்தனை காய்ச்சல் வருதோ அத்தனைக்கும் நாங்கதான் ஆராய்ச்சி. நான் ஆராயறதில்ல. ஆராயறவங்களைக் கட்டி மேய்க்கிறேன். உங்களுக்குப் புரியும், எழுபது ஆடு வச்சிருக்கீங்கல்ல.

அப்படிப்பட்டவனைக் கொண்டுவந்து ரெண்டு கட்டில் ரூம்ல போட்டிருக்கானுங்க. ஸ்பெஷல் ரூம் எல்லாம் நிறைஞ்சிருச்சாம். காய்ச்சல் சீசனாம். எனக்கே சீசன் சொல்றானுங்க! உங்களைத் தப்பா சொல்லல. நீங்க சத்தம் போடாத ஆளு. ஆனா பாருங்க, ஒரு டைரக்டர் எட்டு நாளா காய்ச்சல்ல கிடக்கான், என்ன காய்ச்சல்னு சொல்ல இந்த ஆஸ்பத்திரியில ஒருத்தனுக்கும் துப்பு இல்ல.

துப்பு இருக்கறவனுங்க எங்கதான் இருக்கானுங்க? எங்க மையத்துல இருக்கானுங்களா? அதையும் கேளுங்க. எனக்கு முன்னாடி இருந்தவர் விலங்கியல் வாத்தியார். பதினாலு வருஷம் கொசுவைக் குண்டூசியில குத்திக் குத்திப் பெட்டியில வச்சுட்டுப் போயிட்டார். நூத்தி எண்பது பெட்டி. நான் வந்த முதல் வாரமே அத்தனையும் பின்னாடி ஷெட்டுக்குத் தூக்கிப் போடச் சொல்லிட்டு அந்த இடத்துல மீட்டிங் ஹால் கட்டினேன். ஏசி ஹால். மைக் எல்லாம் மேசைக்குள்ளயிருந்தே முளைச்சு வரும். வர்றவன் கொசுவையா பார்க்கப் போறான்? ஹாலைத்தான் பார்ப்பான்.

அதுக்கு அடுத்து எனக்குக் கீழ துணை டைரக்டர்னு ஒருத்தன். கொம்பையா. தினமும் நாலு மணிக்கு இளநி வாங்கிட்டு வர்றானே, உங்க கையைத் தூக்கச் சொன்னானே, அவனேதான். அவன் யார்னு நினைச்சீங்க? டாக்டர்னு போட்டுக்கறான். மாட்டு டாக்டருங்க! பசுவுக்குச் சினை ஊசி போடற படிப்பு. மனுஷ டாக்டர், மாட்டு டாக்டர், பூச்சி வாத்தியார் மூணு பேரும் ஒரே மேசையில உட்கார்ந்து வேலை செய்யணும்னு டெல்லியில எவனோ எழுதி வச்சுட்டான். அதனால அவன் எனக்குச் சமமா நாற்காலி போட்டு உட்கார்றான். உட்காரட்டும். ஆனா அவன் உள்ள வந்தாலே ஒரு வாடை. தொழுவத்து வாடை. நீங்க முகத்தைத் திருப்பாதீங்க, உங்களைச் சொல்லலைன்னு சொல்றேன்ல.

அந்தக் கொம்பையா எனக்குப் பண்ணின காரியத்தைக் கேளுங்க.

போன மாசம் புதுக் கட்டடத் திறப்பு விழா. மந்திரி வர்றார், துணைவேந்தர் வர்றார். வாசல்ல புல்தரை போட்டேன். கொரியன் புல்லு. ஓசூர்லயிருந்து லாரியில வந்தது, பாய் மாதிரி சுருட்டி. அதுவரைக்கும் அங்க முள்ளும் புதரும் எலி வளையுமாத்தான் கிடந்துச்சு. அதுக்கு மேலேயே மண்ணைக் கொட்டிப் புல்லை விரிச்சாச்சு. என்ன பச்சை தெரியுமா! விழாவே அந்தப் புல்லு மேலதான்னு முடிவு பண்ணினேன். ஸ்கூல் பிள்ளைங்க நாற்பது பேரு முன்னாடி உட்கார்ந்து தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடணும், பின்னாடி கட்டடம், நடுவுல நாங்க. போட்டோ அப்படியே பேப்பர்ல வரணும்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கு. தோட்டத்துல வேலை பார்க்கிற செல்லக்கனிக்குக் காய்ச்சல். தோட்டக்காரிக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணணும்? லீவு போட்டு வீட்டுல படுக்கணும். கொம்பையா அவளை ஜீப்புல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறான். எங்க மைய ஜீப்பு! சேலைக் கட்டுக்குக் கீழ கருப்பா ஒரு பொருக்கு இருந்துச்சாம், வலியே இல்லாம, சிகரெட்டால சுட்ட மாதிரி. உண்ணிக் காய்ச்சலாம். மாத்திரை கொடுத்தாங்க, அவ மூணாம் நாள் வேலைக்கு வந்துட்டா. அதோட விட்டிருக்கலாம்ல?

விடலையே. மறுநாள் காலையில நான் கார்ல வந்து இறங்குறேன். என் புல்தரை மேல கருப்புத் தட்டு. பன்னிரண்டு தட்டு, வரிசையா. நம்ம கொம்பையா குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தட்டா லென்ஸ் வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கான். என்னய்யா இதுன்னேன். "சார், உண்ணிக் குஞ்சு சார். தட்டு மேல ஏறி வருது பாருங்க, செவப்பா, பொடிப்பொடியா. ஏழு தட்டுல இருக்கு சார்"ங்கறான். அவன் முகத்துல ஒரு சந்தோஷம் பார்க்கணுமே, புள்ளை பொறந்த மாதிரி.

நான் குனிஞ்சுகூடப் பார்க்கல. என்னத்தைப் பார்க்கறது? நோயை ஒழிக்கிற மையம், அது வாசல்லேயே நோய் இருக்குன்னு எழுதிக் கொடுக்கறான் ஒருத்தன்! எழுதியே கொடுத்துட்டான், ரெண்டு பக்கம். விழாவை ஹாலுக்கு மாத்தணுமாம், புல்லுக்கு மருந்து அடிக்கணுமாம், எலி வளையைப் பார்க்கணுமாம், அதுவரைக்கும் யாரும் அது மேல உட்காரக் கூடாதாம். காப்பி துணைவேந்தருக்கு. அடுத்த மாசம் என் பதவி நீட்டிப்புக்குக் கமிட்டி வருது, தெரியும்ல அவனுக்கு? நல்லாத் தெரியும். நான் போனா அந்த நாற்காலி யாருக்கு? மாட்டு டாக்டருக்கு! அவனுக்கு உண்ணி மேலயா அக்கறை?

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம். ஸ்டாப் எல்லாரையும் வாசலுக்கு வரச் சொன்னேன். முப்பத்தி நாலு பேரு. பியூன்கிட்ட ஒரு டீ கொண்டாடான்னேன். நேராப் போய் அந்தப் புல்லுக்கு நட்டநடுவுல, அவன் தட்டு வச்ச இடத்துலேயே, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம். டீயை ஊதி ஊதிக் குடிச்சேன். "எங்கய்யா உண்ணி? வரச் சொல்லு. டைரக்டர் உட்கார்ந்திருக்கார்னு சொல்லு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்காம எப்படி இருப்பாங்க, நான் பார்த்துக்கிட்டே இருக்கேனே.

கொம்பையா மட்டும் சிரிக்கல. "சார், எந்திரிங்க சார். சொன்னாக் கேளுங்க சார், எந்திரிங்க"ன்னு கெஞ்சறான். கையைப் பிடிச்சுத் தூக்க வந்தான். தொடாதேன்னேன். அப்புறம் கடைசியில, "வீட்டுக்குப் போன உடனே சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் குளிங்க சார், துணியை வெந்நீர்ல போடுங்க"ன்னான். எனக்குக் குளிக்கச் சொல்லித் தர்றான்! அன்னைக்கு நான் வேணும்னே குளிக்கல.

மறுநாள் காலையில கிண்ணுன்னு எழுந்து வந்தேன். "என்ன கொம்பையா, உன் உண்ணி என்னைப் பார்த்து ஓடிருச்சா?"ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். 

சரி, அடங்கிட்டான்னு நினைச்சேன். விழா அன்னைக்கு வந்து பார்க்கறேன், புல்லு முழுக்கத் தார்ப்பாய்! நீலத் தார்ப்பாய், கல்யாண மண்டபத்துல பந்தி விரிக்கிற மாதிரி, ஓரமெல்லாம் செங்கல் வச்சு. ஓரத்துல மருந்து வேற அடிச்சிருக்கான், நாத்தம். பிள்ளைங்க எல்லாம் தார்ப்பாய் மேல உட்கார்ந்திருக்கு. அந்த நேரத்துல எப்படி எடுக்கறது, மந்திரி கார் கேட்டுக்குள்ள வந்துருச்சு. மறுநாள் பேப்பர்ல போட்டோ வந்துச்சு, பச்சை ஒரு துளி தெரியல. நீலம். ஓசூர்லயிருந்து லாரியில வந்த புல்லுங்க! மெமோ கொடுத்துட்டேன். மையத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததாகன்னு ஆரம்பிச்சு நல்லா நறுக்குன்னு. அதுக்கு அவன் இன்னும் பதில் தரல. தினமும் இளநி மட்டும் தர்றான்.

இப்ப நீங்களே சொல்லுங்க. அந்தப் பிள்ளைங்க நாற்பது பேரும் அங்க ரெண்டு மணி நேரம் உட்கார்ந்துச்சு. ஒண்ணுக்காவது காய்ச்சல் வந்துச்சா? வரல. விசாரிச்சேன். அப்ப உண்ணி எங்க இருந்துச்சு? என்ன? தார்ப்பாயா? ஆடு மேய்க்கிறவர் அதுக்குள்ள ஆராய்ச்சிக்கு வந்துட்டீங்க. சாப்பிடுங்க முதல்ல.

எனக்குக் காய்ச்சல் வந்தது வேற. நான் புல்லுல உட்கார்ந்து பதினோரு நாள் கழிச்சு வந்தது. டெங்குதான். நானே முடிவு பண்ணினேன். இங்க சேர்ந்த அன்னைக்கே இந்தச் சின்ன டாக்டர், மீசை முளைக்காத பையன், என்கிட்ட படிச்சவன்தான், "சார், உடம்புல எங்கயாவது கருப்பாப் புண்ணு இருக்கா சார்"னு கேட்டான். இல்லைன்னேன். எழுதிக்கிட்டான். திரும்பிப் படுங்கன்னு சொல்ல அவனுக்குத் தைரியம் இல்ல, என்கிட்ட ரெண்டு தடவை பெயிலானவன். "எதுக்கும் இந்த மாத்திரையை ஆரம்பிச்சுடலாமா சார்"னான். உங்களுக்குக் கொடுக்கறானே, அதே மாத்திரை. ரிசல்ட் இல்லாம மாத்திரையா, நான் ஆய்வு மைய டைரக்டர்யா, நாளைக்கு ஊர் என்ன பேசும்னு விரட்டி விட்டேன். அதைத் தின்னா என்ன அர்த்தம்? உண்ணிக் காய்ச்சல்னு நானே ஒத்துக்கிட்டதா அர்த்தம். புல்தரையில உண்ணி இருந்துச்சுன்னு அர்த்தம். அப்புறம் அந்த மெமோவை நான் என்ன பண்றது?

டெங்கு டெஸ்ட் மூணு தடவை எடுத்தாச்சு. இல்லைங்கறான். இவனுங்க எடுக்கற டெஸ்ட் அப்படி. உண்ணிக் காய்ச்சல் டெஸ்டுக்கு ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பியிருக்கு, திங்கட்கிழமைதான் வருமாம். ஏன் சென்னைக்குன்னா கேட்கறீங்க? எங்க மையத்துல அந்தக் கிட் தீர்ந்து போச்சு. கொம்பையா ஜூன் மாசமே பைல் வச்சான். வரவேற்பறை சோபா வந்த பிறகு பார்க்கலாம்னு எழுதி அனுப்பினேன். சோபா வந்துருச்சு. நல்ல சோபா.

வீட்டுக்காரியா? மகளுக்குப் பிரசவம், பெங்களூர் போயிருக்கா. சாதாரண சளிக்காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கேன்.

அந்த மாட்டு டாக்டர் செவ்வாய்க்கிழமை வந்தான்ல? நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அவன் கிளம்ப வேண்டியதுதானே? ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டு உங்ககிட்ட ஆட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டான். குட்டி எத்தனை, எந்தக் காட்டுல மேயுது, எங்க படுப்பீங்கன்னு. நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். "அண்ணாச்சி, கையைக் கொஞ்சம் தூக்குங்க"ன்னான். நீங்களும் தூக்கிட்டீங்க. அக்குள்ல இருந்துச்சு, அதே கருப்புப் பொருக்கு. அவன் ஓடிப் போய் அந்தப் பையனைக் கூட்டிட்டு வந்தான், அன்னைக்குச் சாயங்காலமே மாத்திரை, இன்னைக்கு நீங்க வடை தின்னுக்கிட்டு இருக்கீங்க. குருட்டு அதிர்ஷ்டம். அவ்வளவுதான். ஆட்டுக்காரருக்கு மாட்டு டாக்டர் பொருத்தமா அமைஞ்சார்.

அப்புறம் என் பக்கம் வந்தான். "சார், ஒரே ஒரு தடவை முதுகுப் பக்கம் பார்த்துக்கிடட்டுமா சார். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்"னான். என்னய்யா, என்னை மாடுன்னு நினைச்சியா, வாலைத் தூக்கிப் பார்க்கன்னு கேட்டேன். அந்த நர்ஸ் பொண்ணு சிரிச்சுட்டா. அவன் இளநியை வச்சுட்டுப் போயிட்டான். நேத்தும் கேட்டான். நேத்தும் முடியாதுன்னேன். நானே பார்த்துக்கிட்டேனே. கை, காலு, வயிறு, அக்குள், எல்லாம் பார்த்தாச்சு. ஒண்ணும் இல்ல. பாத்ரூம் கண்ணாடியில மூஞ்சிதான் தெரியுது, அதுக்கு நான் என்ன பண்ண?

மணி என்ன? மூணே முக்காலா?

ஏங்க, வெயிலுமுத்து. சாப்பிட்டாச்சா? கையைக் கழுவிட்டு வாங்க. ஒண்ணு சொல்றேன். காலையில அந்தப் பையன் வந்தான்ல, வெளியில போய் நர்ஸ்கிட்ட ஏதோ குசுகுசுன்னு பேசினான்ல? கிட்னி டெஸ்ட்ல அளவு ஏறுதாம். நாளைக்குக் காலையில ஐசியூவுக்கு மாத்தறாங்களாம். என்கிட்ட நேரா சொல்லாம சுத்தி வளைச்சுச் சொல்றான், எனக்குத் தெரியாததா? நானே நூறு பிள்ளைங்களுக்கு நடத்தின பாடம். எட்டாம் நாள், கிட்னி, அப்புறம் நுரையீரல், அப்புறம்... வரிசையா போர்டுல எழுதிப் போடுவேன். வெண்கட்டிச் சத்தம்கூடக் காதுல கேட்குது.

பயமா இருக்குங்க. யாருகிட்டயும் சொல்லல, உங்ககிட்ட சொல்றேன். நீங்க வெளியில போனா யாரு உங்களைக் கேட்கப் போறா?

அந்தத் திரையை இழுங்க. நல்லா இழுங்க, இடுக்குத் தெரியக் கூடாது. நான் குப்புறப் படுக்கறேன். மெதுவா, மெதுவா, அந்த டியூபைப் பாருங்க, கையில ஊசி இருக்கு. ம். இப்ப வேட்டியைக் கொஞ்சம் கீழ இறக்குங்க. பெல்ட் போடற இடத்துக்குக் கீழ. வெட்கப்படறதுக்கு என்ன இருக்கு, எழுபது ஆட்டுக்குப் பார்க்கறவர்தானே நீங்க.

ஏதாவது இருக்கா?

ஏன் குனிஞ்சு குனிஞ்சு பார்க்கறீங்க? இருக்கா, இல்லையா? எவ்வளவு பெருசு? பயறு அளவா, புளியங்கொட்டை அளவா? கருப்பா? சுத்திச் செவந்திருக்கா? அமுக்குங்க. அமுக்கிட்டீங்களா? வலிக்கலையே எனக்கு.

வலிக்கல.

சரி. சரி, கேளுங்க. நீங்க எதையும் பார்க்கல. நானே பார்த்தேன். எப்படியா? செல்போன்ல போட்டோ எடுத்துப் பார்த்தேன்னு சொல்லிக்கலாம். எட்டாம் நாள் காய்ச்சல்லயும் டைரக்டர் தானே கண்டுபிடிச்சார், அப்படித்தான் வரணும். கமிட்டிக்குக்கூட அது நல்லாத்தான் இருக்கும். புல்தரைன்னு வாயைத் திறக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு வர்ற வழியில எங்கயோ பட்டிருக்கும். முதல்ல அந்தப் பையனைக் கூப்பிட்டு மாத்திரையைக் கொண்டாரச் சொல்லுங்க. கொம்பையாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணுங்க. உங்க ஆட்டு மேல சத்தியம்.

ஏங்க? வெயிலுமுத்து? எங்க போறீங்க? திரையை மூடிட்டுப் போங்க! வேட்டியை ஏத்தி விட்டுட்டுப் போங்கய்யா, எனக்குக் கை எட்டலை! யாரைக் கூப்பிடறீங்க அங்க? "டாக்டரே"ன்னு யாரைய்யா கூப்பிடறீங்க? அவன் டாக்டர் இல்லைன்னு எத்தனை தடவை சொன்னேன் உங்ககிட்ட!

வந்துட்டான். அந்த ரப்பர் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? கொம்பையா, அங்கேயே நில்லு. செருப்பை வெளியில விட்டுட்டு வா. அந்த இளநியைக் கீழ வை. கையைக் கழுவினியா?

பாருய்யா. சீக்கிரம் பாரு.